பதினாறு கட்டைகளும் பதினான்கு பேனைகளும்

நான் மரத்தில் பேனை செய்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் கேட்பதெல்லாம் அதன் வெளிப்புறத்தைப் பற்றித்தான். இவ்வளவு மினுக்கம் எப்படி வந்தது, இந்த வளைவை எப்படி எடுத்தாய், என்ன பொலிஷ் பூசினாய். உள்ளே இருக்கும் துளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேனை வேலையில் முக்கால்வாசிக் கஷ்டம் அந்தத் துளைதான்.

வேலை இதுதான். விரல் நீளத்தில், பெருவிரல் தடிப்பில் ஒரு சதுரக் கட்டை. அதன் நட்டநடுவே ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை துளை போட வேண்டும். அந்தத் துளைக்குள் ஒரு பித்தளைக் குழாயைப் பசை பூசிச் செருக வேண்டும். பிறகு அந்தக் குழாயையே அச்சாக வைத்துக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி, உளியால் சீவிச் சீவி உருட்டி எடுக்க வேண்டும். ஆகவே துளை எங்கே போகிறதோ அதைச் சுற்றித்தான் பேனை உருளும். துளை ஒரு பக்கமாகச் சரிந்து போனால் அந்தப் பக்கத்தில் மரம் போதாது. சீவிக்கொண்டிருக்கும்போதே மரம் தீர்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தக் கட்டை அடுப்புக்குத்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா மேசன், கல் வைத்துச் சுவர் கட்டுகிறவர். இரண்டாம் வகுப்போடு நின்றவர். உம்மா பள்ளிக்கூட வாசல் மிதித்ததே என்னை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்குத்தான். எனக்கு மூத்தவரான நானா எட்டாம் வகுப்போடு வாப்பாவுக்குக் கல் எடுத்துக் கொடுக்கப் போய், இப்போது கட்டாரில் இருக்கிறார். நான் உயர்தரப் பரீட்சை எழுதி, பொறியியல் தொழில்நுட்பம் படித்து, பட்டத்தோடு கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தேன். இதைப் பணிவாகச் சொல்லும் விதம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். பட்டமளிப்பு விழாப் படம் எங்கள் வீட்டு முன்னறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் தொங்குகிறது. வாப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்து அறைந்த இரண்டு ஆணிகளில்.

அந்த ரசமட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும் நீளமான சட்டம் அது. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் அந்த இடம் சமமாக இருக்கிறது என்று பொருள். வாப்பா அதை வேலைக்கு மட்டும் எடுத்துப் போகிறவர் இல்லை. எங்கள் வீட்டில் டிவி, அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, உம்மாவின் காஸ் அடுப்பு எல்லாமே குமிழி பார்த்து வைத்தவைதான். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் சுவரைக் கண்ணால் தடவிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார். நாங்கள் வீடு கட்டியிருக்கும் இடம் கடற்கரை மணல் என்பதால் எதுவும் ஒரு மழைக்குப் பிறகு கொஞ்சம் இறங்கும். வாப்பா உடனே குமிழியோடு வந்துவிடுவார்.

நானா அனுப்பிய சிறிய கடைசல் இயந்திரமும், கொழும்பிலிருந்து எடுப்பித்த ட்ரில் மெசினும் குசினிக்குப் பக்கத்தில் கூரை இறக்கிய சாய்ப்பில் இருந்தன. ட்ரில் மெசின் என்றால் கையில் பிடிப்பது இல்லை. பலகை மேசை மேல் நிற்பது. கனமான அடித்தட்டு, அதில் ஒரு இரும்புத் தூண், தூணின் உச்சியில் மோட்டார், நடுவில் மரத்தை வைக்கும் சிறிய இரும்புத் தட்டு. பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் சுழலும் அலகு மேலிருந்து இறங்கி மரத்துக்குள் போகும்.

நான் படித்த மகளிர் பாடசாலையின் பழைய கட்டடத்தை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலை வாப்பாவுக்குக் கிடைத்தது. உயர்தர வகுப்பு நடந்த அறையின் வாசல் நிலை முதிரை மரம். மற்ற மரங்களெல்லாம் ஏலத்தில் போய்விட்டன. இந்த நிலையின் ஒரு காலை மட்டும் வாப்பா சாரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார். ஒரு நாள் பாடசாலை அதிபர் டீச்சர் அதைப் பார்த்து, "இந்த வாசலால எத்தின புள்ளைகள் போய் வந்திரிக்கி" என்று சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்கு அது போதும்.

"என்ட மகள் இதுல பேனை செய்வா, டீச்சர்."

மறுநாள் டீச்சர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த வருடம் எங்கள் பாடசாலையிலிருந்து பதினான்கு பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த வியாழக்கிழமை பாராட்டு விழா. அந்த வாசல் மரத்திலேயே ஆளுக்கொரு பேனை கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"ஒரு கிழமைதான் இரிக்கி. ஏலுமா?"

"பதினாலுதானே டீச்சர். ஏலும்," என்றேன். ஏலுமா என்று யோசிக்கவே இல்லை. அதோடு நின்றிருக்கலாம். "துளையெல்லாம் இயந்திரத்தால போடுறதுதான், பிழையாப் போகாது" என்றும் சொல்லி வைத்தேன்.

மரம் வீட்டுக்கு வந்தது. பச்சை, நீலம், வெள்ளை என்று மூன்று காலத்துப் பெயிண்ட். அடியில் ஒரு முழம் கறையான் தின்றிருந்தது. கதவுப் பிணைச்சல் அறைந்த இடங்களில் ஆணித் துளைகள். பெயிண்டைச் சுரண்டியதும் உள்ளே மஞ்சள் மினுமினுப்பாக முதிரை. நீளத்துக்கும் வெடிப்பு ஓடியிருந்ததால் மிஞ்சிய நல்ல பகுதி கொஞ்சம்தான். அளந்து பார்த்தேன். வழக்கமான தடிப்பில் வெட்டினால் பத்துக் கட்டைகூடத் தேறாது. ஆகவே மிக ஒடுக்கமாக, துளைக்கு இரு பக்கமும் மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சும்படி கணக்குப் போட்டு வெட்டினேன். பதினாறு கட்டைகள் வந்தன. பதினான்கு பேனைக்குப் பதினாறு கட்டை. இரண்டு உபரி.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். கட்டையின் தலைப்பில் மூலைக்கு மூலை இரண்டு கோடு கீறினால் வெட்டும் இடம்தான் நடு. அதில் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் அலகு வழுக்காது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். முதல் கட்டையில் அலகு நடுவில் இறங்கியது. அடியில் வெளியே வந்தபோது ஓரத்தை ஒட்டி வந்தது. மேலே நடு, கீழே ஓரம். கட்டையைக் கவனமில்லாமல் பிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதை இறுக்கிப் பூட்டினேன். அது இன்னும் மோசம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னரே அலகு பக்கவாட்டில் மரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அவ்வளவுதான். உபரி முடிந்தது. பதினான்கு கட்டை, பதினான்கு பிள்ளைகள்.

அதற்கு முன் நான் செய்த பேனைகளெல்லாம் தடித்த கட்டையில் செய்தவை. துளை கொஞ்சம் சரிந்தாலும் சுற்றிலும் மரம் இருந்ததால் மறைந்துபோயிருக்கிறது. இத்தனை நாளும் என் இயந்திரம் கோணலாகத்தான் துளைத்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய பெண்ணுக்கு இது இனிப்பான செய்தி இல்லை.

உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, மொகம் ஒரு முழத்துக்கு நீண்டிரிக்கி?"

காட்டினேன். அவர் துளைக்குள் கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது நம்மட சந்து மாதிரி இரிக்கி. இஞ்ச பூந்தா எங்கயோ வெளிக்கிடுது."

வாப்பா ஞாயிறு வேலைக்குப் போகவில்லை. ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குள் வந்தார். இயந்திரத்தின் தட்டில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது.

"பாத்தியா?" வாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மட்டமே இல்ல. மட்டமில்லாத இடத்துல துளை எப்பிடி நேராப் போகும்?"

எனக்கும் அது முழு நியாயமாகத்தான் பட்டது. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். நான்கு வருடம் படித்த நான் அந்த இடத்தில் தலையை ஆட்டினேன். பிறந்த நாளிலிருந்து குமிழியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் குமிழி நடுவில் நின்றால் உலகமே சரி.

மேசையின் காலுக்குக் கீழே பலகைத் துண்டு கொடுத்தோம். இயந்திரத்தின் அடித்தட்டுக்குக் கீழே தகரத் துண்டுகள் கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. வாப்பா கையைத் தட்டிக்கொண்டு தூக்குக்குண்டை இயந்திரத்தின் தூணுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மகள், தூண் சாயுது."

பார்த்தேன். மெய்தான். தூக்கு நூலுக்கும் தூணுக்கும் இடையே மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. தூணை நிமிர்த்தினோம். தட்டின் குமிழி ஓடிவிட்டது. குமிழியைக் கொண்டுவந்தோம். தூண் சாய்ந்துவிட்டது. இப்படியே பள்ளிவாசலில் பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை தந்தையும் மகளும் இயந்திரத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

"இத செஞ்சவன் மேசனுக்குப் படிச்சவன் இல்ல," என்றார் வாப்பா.

"அப்ப ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் உட்டுக்கொடுப்பம் வாப்பா. தட்டுல பாதி, தூணுல பாதி."

இதைச் சொன்னவள் நான். பொறியியல் தொழில்நுட்பம்.

வாப்பா என்னை மரியாதையோடு பார்த்தார். "அதான் படிப்பு எண்டுற."

பாதிக்குப் பாதி வைத்துப் பூட்டினோம். முதிரையைத் தொடும் துணிவு எனக்கு இல்லை. வேப்பங்கட்டை ஒன்றை வெட்டிப் பரிசோதித்தேன். மேலே நடு. கீழே ஓரம். இன்னொன்று. அதே ஓரம், அதே அளவு. ஒரு மயிரளவுகூட மாறவில்லை. உம்மா வாசலில் நின்று, "ரெண்டு பேரும் சோத்தத் தின்னுட்டு மறுகா பூமியத் தூக்குங்க" என்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டேன். டீச்சரிடம் போய் பன்னிரண்டோ பத்தோதான் வரும் என்று சொன்னால் யார் அந்தப் பேனை கிடைக்காத பிள்ளைகள்? பெயர்ப் பட்டியலில் கடைசியா, புள்ளியில் கடைசியா? அந்த வாசலால் நானும் இரண்டு வருடம் போய் வந்தவள். விழாவில் ஒரு பிள்ளை வெறுங்கையோடு மேடையிலிருந்து இறங்குவதை என் கண்ணுக்குள் பார்த்துவிட்டேன். "பிழையாப் போகாது" என்று நான் சொன்னது டீச்சரின் காதில் இருக்கும் என்பதும் சேர்ந்து குத்தியது.

திங்கட்கிழமை காலை உம்மா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனபோது நானும் போனேன். வீட்டிலிருந்தால் அந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். கரையில் தோணிகள் வந்து மீன் கொட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி, ஒரு படகை மணலில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நன்றாக ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒருவர் அதன் பின்பக்கத்தில் எஞ்சின் தொங்கவிடும் பலகையைப் புதிதாகப் பூட்டிக்கொண்டிருந்தார். படகு சாய்ந்திருந்ததால் அவரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

உம்மாவால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாது. மேசன் வீட்டுக்காரி.

"தம்பி, படகு ஒரு பக்கம் சாஞ்சி கிடக்கு. மட்டம் பாக்காமப் பூட்டுறீங்களே, மறுகா எஞ்சின் கோணலா நிக்காதா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடல்ல எங்க ராத்தா மட்டம்? பலக படகுக்குச் சரியா நிண்டாச் சரி. அலைக்கி மட்டம் வெச்சவன் ஆரும் இரிக்கானா?"

வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "மேசன்ட பொஞ்சாதி எண்டு காட்டிட்டா" என்றார்.

உம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "சரி சரி, அந்தத் தராசையாவது மட்டத்துல புடிக்கச் சொல்லுங்க."

நான் படகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் ஒரு மூலைமட்டம் இருந்தது, எங்கள் வாப்பா சுவரின் மூலைக்கு வைப்பாரே, அதே 'எல்' வடிவ இரும்பு. அதைப் படகின் உடம்புக்கும் பலகைக்கும் இடையில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

எங்கள் இயந்திரமும் அந்தப் படகு மாதிரித்தான். இயந்திரத்தின் காலுக்குக் கீழே எத்தனை தகரம் கொடுத்தாலும் தட்டும் சாயும், தூணும் சாயும், அலகும் சாயும். எல்லாம் ஒன்றாகச் சாயும். தட்டுக்கும் அலகுக்கும் இடையில் இருக்கும் மூலை மட்டும் மாறவே மாறாது. கோணல் அங்கே இருக்கிறது. நாங்கள் ஞாயிறு காலை முழுவதும் வீட்டைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறோம், உள்ளே கோணலாக நிற்கும் கதவைச் சரிசெய்ய.

"உம்மா, போவம்."

"மீன் நிறுக்கல்ல இன்னம்."

"மீன நீங்க எடுத்துக்கு வாங்க. நான் ஓடுறன்."

"ஓடு ஓடு. படிச்ச புள்ளைகள் மீன் தூக்குறல்லதானே!"

வழியில் சைக்கிள் திருத்தும் கடையில் ஒரு பழைய சில்லுக் கம்பி கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைக் குறட்டால் வளைத்தேன். ஒரு நுனி அலகைப் பிடிக்கும் வாய்க்குள், மறு நுனி நாலு விரல் தள்ளி வந்து தட்டைத் தொடும்படி. பிறகு மின்சாரம் இல்லாமல், கையால் மெதுவாகச் சுற்றினேன். இடது பக்கம் வரும்போது கம்பியின் நுனி தட்டைக் கீறியது. வலது பக்கம் போனபோது தட்டைத் தொடவே இல்லை. இடையில் ஒரு தடித்த அட்டையை விடலாம் போல இடைவெளி.

தட்டின் அடியில் ஒரு பெரிய போல்ட் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் தட்டை இடமும் வலமும் சாய்க்கலாம். அதன் பக்கத்தில் பாகை அளவு ஒட்டியிருக்கும். முள் பூச்சியத்தில் நின்றதால் நான் அதைத் தொட்டதே இல்லை. ஒட்டியவன் கோணலாக ஒட்டியிருந்தான். இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு ஸ்டிக்கரை நம்பி வேலை செய்திருக்கிறேன்.

போல்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, சுற்றி, மறுபடி தட்டி, மறுபடி சுற்றி, கடைசியில் கம்பியின் நுனி வட்டம் முழுவதும் ஒரே மாதிரிக் கீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்கும் விட்டுப் போகாமல் ஒரே சீரான கீறல்.

வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்தார். காட்டினேன். அவர் நேரே ரசமட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். குமிழி ஓரத்தில் போய் நின்றது.

"மகள், மட்டம் இல்லையே!"

"தேவையில்ல வாப்பா. கட்டை அலகுக்கு நேரா நிண்டாப் போதும். பூமிக்கு இதுல ஒரு வேலையும் இல்ல."

வாப்பா ரசமட்டத்தை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப இது மூலைமட்டத்துட வேல," என்றார். "எனக்கிட்ட மூலைமட்டம் கேட்டிருந்தா நேத்தே தந்திருப்பனே."

"நீங்கதானே வாப்பா மட்டத்த எடுத்துக்கு வந்த?"

"நீதானே பாதிக்குப் பாதி எண்டு சொன்ன?"

மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா குசினியிலிருந்து, "ரெண்டு பேரும் ஒரே கல்லுல வெட்டினது" என்று தீர்ப்புச் சொன்னார்.

வேப்பங்கட்டை ஒன்றை வைத்துத் துளைத்தேன். மேலே நடு. கீழே நடு. வாப்பா அதை எடுத்துக் கண்ணுக்கு முன் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார், பெரிய வீடு ஒன்றுக்குக் கொன்கிரீட் போட்டு முடித்தவர் மாதிரி. அன்றைக்கு மீதி அரைநாள் அவர் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.

முதிரைக்கு வந்தோம். இப்போது ஒவ்வொரு கட்டையும் ஒரு பிள்ளை. கட்டையைப் பூட்டுவதற்கு முன் வாப்பா தம் மூலைமட்டத்தை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். தலையாட்டினால்தான் நான் கைப்பிடியைத் தொடுவேன். முதிரை இறுகிய மரம். ஒரே இழுவையில் இறக்கினால் மரத்தூள் அலகின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அலகு சூடேறி, வழி தெரியாத ஆள் மாதிரி எங்காவது போகும். ஆகவே கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் துலக்கி, மறுபடி கொஞ்சம். ஒரு கட்டைக்கு ஏழெட்டுத் தரம். மஞ்சள் தூள் என் கையெல்லாம், வாப்பாவின் தாடியெல்லாம்.

ஒன்று, இரண்டு, ஐந்து. உம்மா மீனை அடுப்பில் வைத்துவிட்டு வந்து நின்றார். எட்டு, ஒன்பது. ஒவ்வொரு துளை அடியில் நடுவே வெளிவரும்போதும் உம்மா எண்ணைச் சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவது வந்தபோது நான் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டேன் என்று உம்மா இப்போதும் சொல்வார். நான் பாடவில்லை. ஆனால் பாடும் நிலையில்தான் இருந்தேன்.

கடைசிக் கட்டையைப் பூட்டினேன். "பாருங்க வாப்பா, பதினாலு!" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியை இழுத்தேன். பாதி வழிவரை வெளியே எடுக்கவே இல்லை. துளைத்து முடிப்பதற்கு முன்பே எண்ணிவிட்டேன். கருகல் மணம் வந்தது. வாப்பா, "எடு, எடு!" என்றார். எடுத்தேன். தூளைத் துலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியை மெல்ல மெல்ல இறக்கினேன்.

துளை வெளியே வந்தது. நடுவில் இல்லை. ஓரத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையில்.

யாரும் எண் சொல்லவில்லை.

வாப்பா கட்டையை வாங்கி, மெல்லிய பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். "சுவர் எண்டா பூசி மறைக்கலாம்," என்றார்.

"பேனைக்கு என்னத்தப் பூசுற?" என்றார் உம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்ச ஆள் எண்டு வெச்சா என்ன? நம்மட புள்ளையும் மெலிவுதானே" என்றார்.

அது பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் வேறு வழியும் அதுதான். செவ்வாயும் புதனும் கடைசல் இயந்திரத்தில் நின்றேன். பதின்மூன்றையும் ஒரே உருவில் உருட்டி எடுத்தேன். பதினான்காவதன் எழுதும் பக்கத்தில் மரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒடுக்கினேன். உளியை வைத்துவிட்டு மணல்தாளால் மட்டும், தாள் தேய்ந்த பிறகு இன்னும் தேய்ந்த தாளால். ஓரிடத்தில் மரம் உள்ளே இருக்கும் பித்தளையை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். விரலை வைத்தால் உலோக நுனிக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு சிறிய படி தட்டுப்படும். மற்றப்படி பேனை பேனைதான். எழுதியது.

வியாழன் காலை கொண்டுபோய் டீச்சரின் மேசையில் வரிசையாக வைத்தேன். எது அந்த ஒன்று என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். விழுந்தால் வெடிக்கலாம், அந்தப் பிள்ளை என்னிடம் வந்தால் வேறு ஒன்று செய்து கொடுப்பேன் என்று சொல்ல வசனம்கூடத் தயாராக இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒன்றில் கை நின்றது.

"இது நல்ல வடிவு. கைக்கு எடுப்பா இரிக்கி. எல்லாத்தையும் இப்பிடிச் செஞ்சிருக்கலாமே?"

தயாராக இருந்த வசனத்தை விட்டுவிட்டு, பேனைகளை மறுபடி வரிசைப்படுத்தினேன். பெருமை என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விழாவில் பதினான்கு பிள்ளைகளும் மேடைக்கு வந்தார்கள், ஒருத்தியும் வெறுங்கையோடு இறங்கவில்லை. வாப்பா புதிய சாரனும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்து, மேடையின் படிக்கட்டை ஒரு கண்ணால் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு கையையும் பார்த்தேன். எந்தக் கையில் அது போனது என்று தெரியவில்லை.

கொஞ்ச மாதம் போனது. ஒரு நாள் பின்னேரம் ஒரு பிள்ளை தோளில் பையோடு வாசலில் நின்றாள். மாவடிப்பள்ளி ஊர்ப் பிள்ளை, அவளுடைய வாப்பா வயல் செய்கிறவர். அன்றைக்கு இரவு பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகிறாளாம்.

"ராத்தா, மை முடிஞ்சிட்டு. மாத்தித் தர ஏலுமா?"

பேனையைக் கையில் வாங்கியதுமே விரலில் அந்தப் படி தட்டுப்பட்டது. வெடிப்பு இல்லை. மரம் அவள் விரல் பட்டுப் பட்டு இன்னும் மினுங்கியிருந்தது. புதிய மைக்குழாயைப் போட்டேன். கொடுத்துவிட்டால் போய்விடுவாள்.

"ராத்தா, ஒண்டு கேக்கட்டா? மத்தாக்கள்ட பேனை இப்பிடி இல்ல. இது மட்டும் ஏன் இந்தப் பக்கம் ஒடுங்கியிரிக்கி?"

துளையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு கட்டை, குமிழி, பாதிக்குப் பாதி, படகு, கம்பி, பாடாத பாட்டு. அவளுடையதில் மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நகத்தைக் காட்டினேன்.

"அப்ப என்ட பேனை கோணலா?"

"துளை கோணல். பேனை தப்பிட்டு."

அவள் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "ராத்தா, நான் கெம்பஸ் வெட்டுப்புள்ளிக்கி மேல எவ்வளவு எண்டு தெரியுமா? பதினாலு பேர்லயும் ஆகக் கடைசியா உள்ளுக்குப் போனது நான்தான். இதவிட மெல்லிசு."

"வேற மரத்துல நல்ல கட்டை இரிக்கி. அடுத்த லீவுக்கு வரக்குள்ள புதுசு ஒண்டு செஞ்சி வெக்கிறன்," என்றேன்.

அவள் பேனையைப் பைக்குள் போட்டுப் பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"தேவல்ல ராத்தா. பஸ்ஸுக்கு நேரமாகுது."